பதின்மூன்று இறங்கி, பதினான்கு ஏறி

டுலூத்தில் பல் மருத்துவருக்குப் பஞ்சமில்லை.
ஆர்டிஸ் கெட்டுனென் தேடிப் போனது
மேட்டுத் தெருவில்
அந்தச் செங்கல் வீட்டில் இருப்பவரை.
அவளுக்குப் பல்வலியும் இல்லை.

எண்பத்து நான்கில்
அங்கேதான் படம் எடுத்தார்கள்.

நாவலில் ஒரு பையன்
நிலவறைக்குப் பதின்மூன்று படி இறங்குவான்.
ஏறி வரும்போது பதினான்கு.
அந்தக் கூடுதல் படி எது, யார்,
முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் எங்கும் இல்லை.
மிதித்தபோது வெதுவெதுவென்று இருந்தது
என்று மட்டும் ஒரு வரி.
அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு,
கோட்டின் மேல் கோடு,
தாளே கிழிந்துவிட்டது.

படத்தில் காட்டித் தொலைத்தார்கள்.
ரப்பர். பச்சைச் சாயம்.
ஐம்பத்தோராம் நிமிடத்தில் ஒட்டுப் பிரிந்து
உள்ளே இருக்கும் ஆளின்
கைக்கடிகாரம் தெரியும்.
மணி நாலே கால்.
ஊரே சிரித்தது. அவளும்தான்.
ஆனால் இன்றைக்கும், பஸ் ஓட்டும்போது
நாலே காலுக்கு
ஒருமுறை பின்கண்ணாடியைப் பார்த்துக்கொள்கிறாள்.

பிறகு தொடராக எடுத்தார்கள், எட்டுப் பாகம்.
இருட்டென்றால் அப்படியோர் இருட்டு.
திரையில் தெரிந்தது
சோபாவில் உட்கார்ந்திருந்த இவர்கள் இருவரும்தான்.
'அதுதான் இருப்பதிலேயே பயங்கரம்'
என்றான் லைல்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால்
புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும்.
ஏரியிலிருந்து பனி வீசும் ஊரில்
புளியமரத்துக்கு எங்கே போவது?
தியேட்டர் பால்கனி ஏறினான் லைல்,
முப்பது வருஷமாக,
கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.
முடிந்ததா, முடிந்ததா என்பான்.
முடிந்தது என்பாள்,
முடியாதபோதும்.

அவள் அதை முதலில் படித்தது
ஆலை மூடிய குளிர்காலத்தில், பதினாறு வயதில்.
அப்பா அடுக்களையில்
விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்,
மார்ச் மாதம் வரைக்கும்.
அதற்குப் பக்க எண் கிடையாது.
இதற்கு உண்டு.
நூற்று நாற்பதில் விரலை வைத்து மூடிவிட்டு
உருளைக்கிழங்கு உரிக்கப் போகலாம்.
திரும்பி வந்தால்
விட்ட இடத்திலேயே
பொறுமையாக நிற்கும்.

'எங்கே வலி?' என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.
'கழிப்பறை எங்கே?' என்றாள் ஆர்டிஸ்.
'கீழே.'

கீழே!
நாற்பது வருஷம் இந்த ஒரு சொல்லுக்கு.

பனிக்காலணியை வாசலிலேயே கழற்றியாயிற்று.
வெறும் காலுறையோடு இறங்கினாள்.
ஒன்று. இரண்டு.
கைப்பிடி அதேதான், வெள்ளை அடித்திருந்தார்கள்.
ஐந்து. ஆறு.
படிமேல் புதுக் கம்பளம், பழுப்பு நிறம்.
பன்னிரண்டு.
தரை வந்துவிட்டது.

பன்னிரண்டுதான்.

கீழே சிரிக்கும் பல் படம் போட்ட நாட்காட்டி.
ரோஜா நிறச் சோப்பு.
நிஜத்தில் நிலவறை என்றால்
துண்டு காயப்போடும் இடம்.
கையைக் கழுவினாள். இன்னொரு முறையும் கழுவினாள்.

ஏறினாள்.
ஒன்பது. பத்து.
பத்தாவதோ பதினொன்றோ, உள்ளங்காலில்
இளஞ்சூடு.
சுடுநீர்க் குழாய் ஓடும்.
குழாயாகத்தான் இருக்கும்.
'ஆர்டிஸ்?' என்று மேலிருந்து கூப்பிட்டாள் அந்தப் பெண்,
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

மறுபடி இறங்கி எண்ணியிருக்கலாம்.
யார் தடுத்தார்கள்?
அவள் நின்றாள்.
முழங்கை வரை மயிர் சிலிர்த்து,
பதினாறு வயதுப் பெண்போல
வாயைப் பொத்திக்கொண்டு.
பிறகு ஒரே ஓட்டமாக மேலே.

சோதித்ததில் மேல்வரிசையில்
நிஜமாகவே ஒரு சொத்தை இருந்தது.
ஊசி போட்டு அடைத்தார்கள்.

காரில் காத்திருந்தான் லைல்.
'எத்தனை?'

வாய் மரத்துப்போயிருந்தது.
அவள் சொன்னது
பன்னிரண்டு போலவும் கேட்டது,
பதின்மூன்று போலவும்.
அவன் இன்னொரு தரம் கேட்கவில்லை.
ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.