உலைமூடி

சாரெமா தீவில் எங்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள்.
மீனுக்குப் புகையூட்டும் ஆலை, ஒரு பள்ளி, ஆஸ்பத்திரி,
மீதி வீடுகள். பாதி வீடுகள் கோடையில் மட்டும் கண்விழிப்பவை.

இணையம் என்பது பெரிய வார்த்தை.
உள்ளே போய்ப் பார்த்தால் ஊர்ப்பேச்சுதான்.
"இன்ன முகவரிக்கு என் வழியே போகலாம்"
என்று ஒரு ரூட்டர் பக்கத்து ரூட்டரிடம் சொல்லும்.
அது தன் பெயரை முன்னால் ஒட்டி அடுத்ததிடம் சொல்லும்.
யாரும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லை.

தாலினுக்கு ஒரு கேபிள் இருந்தது.
அக்டோபரில் ரிகாவுக்கு இன்னொன்று வாங்கினோம்,
புயலில் ஒன்று அறுந்தால் மற்றது என்று.
இரவு இரண்டு நாற்பதுக்கு, காபி ஆறும் முன்,
வடிகட்டியில் ஒரு வரியை எடுத்தேன்.
மாற்றி எழுதத்தான் எடுத்தேன்.

ரிகா என் காதில் போட்டதையெல்லாம்
தாலினிடம் அப்படியே ஒப்பித்துவிட்டது என் பெட்டி.
தாலின் நம்பியது. நம்பாமல்?
மாதாமாதம் பணம் கட்டுகிறவன் நான்.
கட்டுகிறவன் சொல் அங்கே வேதவாக்கு.

எண்பதாயிரம் வழிகள்.
யார் யாருடையவோ வங்கிக் கணக்கு,
பாதியில் நின்ற சினிமா,
கிளைபெடாவுக்குப் போகவேண்டிய ஒரு முத்தக்குறி,
எல்லாம் கடலடியில் ஊர்ந்து
முஹுவின் ஜூனிபர் புதர்களைக் கடந்து
புகைமீன் வாசம் அடிக்கிற என் கொட்டகையின்
ஒற்றைக் கதவில் முட்டின.
விசிறி அலறியது.
பச்சை விளக்குகள் சிமிட்டுவதை விட்டு வெறித்தன.
பெருமையாக இருந்தது என்றால் அடிக்க வருவீர்கள்.
மூன்று விநாடி இருந்தது.

போன். ரிகாவிலிருந்து. விஸ்மா என்றாள்.
குரலில் கோபமே இல்லை, அதுதான் பயம்.
"என் ஊர் முழுக்க உன் தீவில் வந்து நிற்கிறது.
உட்கார நாற்காலி இருக்கிறதா?"

வரியைத் திரும்பப் போட்டேன்.
சொன்னது ஒரு நொடி.
சொன்னதைத் திரும்ப வாங்கப் பதினோரு நிமிடம்.
ஒருவன் மறந்தால் இன்னொருவன்
அதே பழசைப் புதுசாக நினைவூட்டுகிறான்.
ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இருக்கிறது. 65535:65281.
ஒரு வழியோடு அந்த எண்ணைக் கட்டிக் கொடுத்தால்
வாங்கியவன் வாசலோடு நின்றுவிடும்,
காதும் காதும் வைத்தாற்போல.
"நான் கட்டி அனுப்பியிருக்க வேண்டும்" என்றாள் விஸ்மா.
"அறிக்கையில் உன் பெயரை மட்டும் எழுதமாட்டேன்."

அவள் தட்டச்சுகிற ஓசை. காத்திருந்தோம்.
"அது என்ன சத்தம்?"
காட்டு வாத்துகள், தெற்கே போகின்றன என்றேன்.
பிறகு, ஏனென்று இன்றும் தெரியாது,
கம்பெனியை விற்கப் போகிறோம் என்றேன்.
எட்டு வருடம் என்னோடு கம்பம் ஏறிய
ஆர்வோவுக்கே இன்னும் சொல்லவில்லை என்றேன்.
விசைகள் நின்றன.
பிறகு மறுபடி தட்டின.

அன்றிரவு முதல் ரிகாவிலிருந்து வரும்
ஒவ்வொரு வழியிலும் அந்த எண்.

ரூட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு.
வருகிற சேதியின் பாதையில் தன் பெயரைக் கண்டால்
கேட்காததுபோல் கீழே போட்டுவிடும்.
நான் மூன்று மாதம் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன்,
ஆலையில், படகுத்துறையில், ஆர்வோவின் முகத்தில்.
என் சேதி எந்தப் பக்கமிருந்தும் திரும்பி வரவில்லை.

ஜனவரியில் நானே சொன்னேன்.
ஆர்வோ ஏணியில் நின்றபடி கேட்டான்.
இறங்க வெகுநேரம் ஆயிற்று.