பல் பார்த்த ராத்திரி

ஒமாஹாவிலிருந்து எந்தத் திசையில் போனாலும்
கடலுக்கு இரண்டு நாள் கார்ப் பயணம்.
அதனால் மார்வா கடலை வாளியில் கலக்குகிறாள்:
உப்பு, வடிகட்டிய நீர், மரக்கரண்டி,
ஒரு ராத்திரி பொறுமை.

மேயர் ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை.
மட்டியை மோந்துவிட்டு விலகுகிறான்.
அம்மோனியா இல்லை. உப்பளவு சரி. சூடும் சரி.
குற்றம் என்னுடையது.
குளிர்காலம் முழுக்க ஓடு உரித்த இறால் போட்டேன்,
கடிக்க ஏதுமில்லாத பல்
நகம்போல் வளர்ந்து வாயை அடைத்துவிட்டது.

இருபது வருஷமாக ஊரார் பல்லைச் சுரண்டுகிறவள்
கிளினிக்கிலிருந்து சின்னக் கத்தரியோடு வந்தாள்.
கிண்ணத்தில் கிராம்புத் தைலம், சொட்டுச் சொட்டாக.
மேயர் சாய்ந்தான்.
ஒரு கண் மட்டும் என்மேல் இருந்தது.

"தண்ணிக்கு மேலே தூக்கிடாதே,
காத்தை முழுங்கிடுவான்."

டார்ச் என் கையில். ஆடியது கைதான்.

டிக்.

இன்னொரு டிக்.

நொய்யரிசி அளவு வெள்ளைச் சில்லுகள்
கிண்ணத்தின் அடியில்.

எதிர்வீட்டு ராய்ஸ் வரும்போதெல்லாம்
கண்ணாடியைத் தட்டி, "ஊதச் சொல்லேன்" என்பான்.
அது வித்தை இல்லை, பயம் என்று
சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கும்.
மயக்கம் தெளிந்தால் இன்று ஊதிவிடுவான் என்றுதான்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்,
நாங்கள் இருவரும் உப்பிப்போய்.

ஊதவில்லை.
மெல்ல மேலே வந்து
மார்வாவின் மூக்குக்கண்ணாடிமேல் துப்பினான்.
அவள் துடைக்கவில்லை.

விளக்கணைத்துப் படுத்த பிறகு
கூடத்திலிருந்து கேட்டது,
ஓட்டோடு போட்டுவைத்த மட்டி:

நறுக்.