நாலாயிரம் கெல்வின்

சோஹார் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
இரவு பதினொன்றுக்கு மேல்தான் எங்களுக்கு அனுமதி.
ஏணி, டெஸ்டர், இடுப்பில் டேப் சுருள்,
அட்டைப்பெட்டிகளில் அறுபது எல்.இ.டி. பேனல்கள்.

அடையாள அட்டையில் என் பெயர் இருளப்பன்.
பொருள் கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து
சூப்பர்வைசர் நௌஷாத்
இருட்டுக்கு அப்பன் வந்தாச்சு, இனி லைட்டைப் போடலாம் என்று
ஒவ்வொரு தளத்திலும் அறிவித்துச் சிரிக்கிறான்.

பழைய குழல்விளக்கு
சாவதற்கு முன் ரொம்ப நேரம் யோசிக்கும்.
சிமிட்டும், ஓரம் கறுக்கும்,
சோக்கு ஒரே வாக்கியத்தைப்
பத்து வருஷமாய் முனகிக்கொண்டிருக்கும்.
கழற்றும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
உள்ளே பாதரசம்.
உடைந்தால் ஜன்னலைத் திற என்பது விதி.
இந்தக் கட்டடத்தில் ஜன்னல்கள் திறப்பதில்லை.

போன மாதம் சஹமில் ஒரு பள்ளிக்கூடம்.
மூன்றாம் வகுப்பு விளக்குக் கூட்டின் மேல்
எட்டுக் காகித ராக்கெட்டுகள் கிடந்தன.
ஒன்றைப் பிரித்தேன்: பெருக்கல் கணக்கு,
அத்தனையும் தப்பு.
மடித்துத் திரும்ப மேலேயே வைத்துவிட்டேன்.

இங்கே முதல் தளத்தில்
ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின் மாட்டினோம்.
வெள்ளை என்றால்
மீன் மார்க்கெட் பனிக்கட்டி மாதிரி வெள்ளை.
இரவு நர்ஸ் ராயா வந்து அண்ணாந்து பார்த்தாள்.
பலூச்சி வாடை அடிக்கும் இந்தியில் சொன்னாள்:
இதுக்குக் கீழே எல்லாருமே செத்தவங்க மாதிரி இருக்காங்க.
நிஜமாய்ச் சாகிறவரை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

உதடு நீலம் பாரித்தால் தெரிய வேண்டும்.
பிறந்து மூன்று நாளான தோலில்
மஞ்சள் ஏறுவது தெரிய வேண்டும்.
அவள் எழுதிய கடிதத்தில் கம்பெனி இறங்கி வந்தது.
புதுப் பெட்டிகள் வந்தன: நாலாயிரம் கெல்வின்,
நிறத்தில் பொய் சொல்லாத ரகம், விலை கூடுதல்.
நௌஷாத் மூன்று நாள் சிரிக்கவில்லை.

இன்று முந்நூற்றுப் பதினாலாம் அறை, காலிக் கட்டில்.
வயரை முறுக்கி, மூடி, சுவிட்சைத் தட்டினேன்.
சிமிட்டவில்லை. யோசிக்கவில்லை.
தட்டியதும் அறை இருந்தது.
முனகல் போன இடத்தில்
பக்கத்து அறை ஆக்ஸிஜன் குமிழியிடுவது கேட்டது,
யாரோ தூக்கத்தில் யாரையோ அரபியில் திட்டுவது கேட்டது.

ராயா சோதிக்க வந்தாள்.
தன் கையை நீட்டி நகம் பார்த்தாள், நரம்பு பார்த்தாள்.
தலையாட்டினாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
இறங்கு என்றாள்.
கண்ணைக் கீழே இழு என்றாள்.
எத்தனை நாளாய்?

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள்.
பொய்.
எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.
நான்தான் யாருக்கும் தெரியவில்லை.
கேம்ப் குளியலறையில் அரை உயிராய் ஒரு பழைய பல்பு,
அதன் கண்ணாடிக்குள்
பதினாறு பேருமே மஞ்சள்.

அடுத்த மாதம் விசா மெடிக்கல்.
ரத்தத்தில் ஒரு வரி தப்பாய் வந்தால் டிக்கெட்.
அது எனக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரியும் என்பதும் தெரிந்தது:
பேனாவை எடுத்தவள் எழுதவில்லை,
மூடியைக் கழற்றி மாட்டினாள்,
கழற்றி மாட்டினாள்.

காலை ஏழுக்கு லேபுக்கு வா, வெறும் வயிற்றோடு.
கம்பெனி சட்டையை மாற்றிக்கொண்டு வா.
அவ்வளவுதான் சொன்னாள்.
அவள் நடக்க நடக்க
வராந்தாவில் சென்சார் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரிந்தன,
பின்னால் ஒவ்வொன்றாய் அணைந்தன.

மீதி பதினொன்று.
ஏணியில் ஏறினேன்.
நௌஷாத் வாசலில் நின்று
எத்தனை முடிந்தது அப்பனே என்றான்.

நாற்பத்தொன்பது என்றேன்,
சுவரைப் பார்த்துக்கொண்டு.