கை கடைசியில்தான் வரும்

பனெவேஜிஸ் மைதானத்தில் ஏப்ரல் மழை.
வட்டெறியும் மில்டாவுக்கு
இடது விலாவோரம் தசை கிழிந்து
ஒன்பது வாரம்.

இருமினால் வலது தோள் சுண்டியது.
பேருந்துப் படியேறினால்
இடது தொடை முனகியது.
எங்கிருந்து எங்கே போகிறது இந்த முறுக்கு?
கட்டிலில் கிடந்தபடி விரலால் தேடினாள்:
இடுப்பெலும்பில் தொடங்கி
தொப்புளைக் குறுக்கே கடந்து
மார்புக்கூட்டின் மறுபுறம் ஏறும்,
ஈரத்துணி பிழிபடும் தடம்.

இன்று வளையத்துக்குள்.
பாதம் திரும்புகிறது. இடுப்பு கிளம்பிவிட்டது.
தோள் இன்னும் பின்னால்,
கை அதற்கும் பின்னால்,
சேதி எட்டாத ஊர்போல.
நடுவில் இழுபடும் தழும்பு
ஒரு கணம் யோசிக்கிறது.

பிறகு விடுகிறது.

"நாற்பத்தொன்று" என்று கத்துகிறான்
நாடா பிடித்த கெஸ்துடிஸ்.
பழைய தூரம் இல்லை.

அவள் வேண்டுமென்றே
ஒருமுறை இருமிப் பார்க்கிறாள்.