அதற்காகவா

ஓட்டுநர் பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம்.
குத்தாயிஸியில், மூடிக் கிடக்கும் பொத்தான் ஆலைக்குப் பின்னால்
எட்டு ரப்பர்க் கூம்புகள்,
ஒரு கிழட்டு ஓப்பல்,
நான்.

வருகிறவர்களிடம் படிவத்துக்காக ஒன்று கேட்பேன்:
எதற்காகக் கற்கிறீர்கள்?
போலந்தில் லாரி வேலை என்பான் ஒருவன்.
மாமியார் வீட்டிலிருந்து எந்த ராத்திரியிலும்
கிளம்ப முடிய வேண்டும் என்றாள் ஒருத்தி.
எழுதிக்கொண்டேன்.

லமாரா வந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று.
மருந்துக்கடையில் கணக்கெழுதி மை ஊறிய விரல்கள்.
"சுரங்கப்பாதை" என்றார்.
எந்தச் சுரங்கப்பாதை?
"திபிலீசி போகும் வழியில் மலைக்குள் நுழைகிறதே, அது.
அதற்குள் போகும்போது ஹாரன் அடிக்க வேண்டும்."
அடித்து?
"அடிக்க வேண்டும். அவ்வளவுதான்."

கல்யாண ஊர்வலக் கார்கள் அடிக்கும்.
பள்ளிப் பேருந்து அடிக்கும்.
ஒரு தரம் பிண வண்டிகூட அடித்ததாம்.
மலை அதை வாங்கி, நீட்டி, பெரிதாக்கித் திருப்பித் தரும்.
முப்பத்துநாலு வருடம் அந்த வழியே ஓட்டிய ஒதார்
ஒரே ஒரு முறைகூட அடித்ததில்லை.
கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறார்.
"எதிரே யாருமில்லையே" என்றாராம்.
அதன்பிறகு கேட்கவில்லை.
கேட்காத தடவைகளை எண்ணி வைத்திருந்தார்,
கணக்கெழுதுகிறவர் இல்லையா.

படிவத்தில் 'குடும்பத் தேவை' என்று எழுதினேன்.

பத்தூமியிலிருந்து மகன் போனில் சிரித்தான்:
அதற்காகவா அம்மா? நான் கூட்டிப்போய் அடித்துக் காட்டுகிறேன்.
"நீ தும்மினால் என் மூக்கடைப்பு போகுமாடா?"

நான் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
எக்ஸ்ரே காட்டி டாக்டர் பயமுறுத்தியும் விடாத சிகரெட்டை,
மனைவி அழுதும் விடாததை,
ஒரு நாய் விட வைத்தது.
புகை பட்டதும் தும்மிவிட்டு அது என்னைப் பார்க்கும்.
ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார்
என் விடைத்தாளைப் பார்த்த அதே பார்வை.
வெளியே சொன்னதில்லை.
இதயம், வயசு என்று ஏதோ சொல்லி வைத்திருக்கிறேன்.

முதல் தேர்வில் கூம்பு போயிற்று.
இரண்டாவதில் தேர்வாளரின் சொந்தக் காரையே உரசப் பார்த்தார்.
மூன்றாவதில் பாதை நடுவே ஒரு மாடு.
"ஹாரன் அடியுங்கள்."
மாட்டேன் என்றார்.
"முதல் ஹாரன் மாட்டுக்கா?"
பதினோரு நிமிடம் மாடும் அவரும்.
மாடு ஜெயித்தது.
நாலாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஐந்தாவதில் உரிமம் வந்தது, அக்டோபரில்.
முன் இருக்கையில் ஒதார், கண்புரை எடுத்து ஒற்றைக் கண்ணில் கட்டு.
பின்னால் நான்,
தங்கைக்குக் கொண்டுபோகும் பிளம் சட்னிப் புட்டிகளுக்கு நடுவே.
மலை ஏற்றத்தில் துணைக்கு வேண்டுமென்று கூப்பிட்டிருந்தார்.
வழியெல்லாம் ஒதார் தக்காளி விலை பேசினார்.

இருட்டு வந்தது.
மஞ்சள் விளக்குகள் கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக ஓடின.
லமாரா உடனே அழுத்தவில்லை.
பாதி தூரம் போகட்டும் என்று விட்டார்.
எனக்குத்தான் தொண்டை அடைத்தது:
அடியுங்களேன், முடிந்துவிடப் போகிறது.

அடித்தார்.

என் ஓப்பலின் ஹாரன் எனக்குத் தெரியும்,
சளி பிடித்த வாத்து.
அன்று அது வாத்தாக இல்லை.
கையை எடுக்கவேயில்லை அந்த மனுஷி.
எதிரே எங்கோ ஒரு லாரி பதிலுக்கு முழங்கியது,
அதற்குப் பின்னால் இன்னொன்று,
புட்டிகள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன,
ஒரு மூடி கழன்று என் கால்சட்டை நனைந்தது.

வெளிச்சத்துக்கு வந்து கொஞ்ச தூரம்
யாரும் பேசவில்லை.
ஒதார் கட்டுப் போடாத கண்ணால் பின்புறம் திரும்பிப் பார்த்தார்.
"கடைசியில் கேட்டதே, அது நம்ம வண்டியா, லாரியா?"

லமாரா கியர் மாற்றினார்.
கொஞ்சம் தாமதம், எஞ்சின் முனகியது.
வழக்கமாக அதட்டியிருப்பேன்.

எனக்கு ஒரு சிகரெட் பிடித்தால் தேவலை போலிருந்தது.
நாயின் முகம் வந்து நின்றது.