கரிக் கணக்கு

மண் பாக்க வந்த பொடியன்
துளைப்பானை இறக்கின கணம்
என் கால் தானாய்ப் பின்னுக்குப் போனது.
இந்த வயலில் கடைசியாய் இரும்பு குத்தினவை
மண்டையோட்டுப் பலகையைக் கழற்றிக்கொண்டு
போய்ப் பதினாலு வருஷம்.

"மண்ணில எவ்வளவு கரி நிக்குதெண்டு பாக்கோணும், அக்கா."
கரியோ தம்பி,
ஒட்டுசுட்டானில் அதுக்கு என்ன பஞ்சம்?

அவன் சிரிக்கவில்லை. பெயர் கேட்டான்.
யோகறஞ்சினி. இரண்டு ஏக்கர். இடதுகரை வாய்க்கால்.
மூன்று காலபோகமாய் வைக்கல் கொளுத்தவில்லை.
சிறுபோகத்துக்குத் தண்ணி வராத துண்டில் சணல்,
மொட்டோடு மடக்கி உழுதது.
சேறு விடும் கொப்பளமும் வானத்தைச் சூடாக்குமாம்;
அதனால் வற்றவிட்டு, மயிர்வெடிப்புக் கண்டபிறகுதான்
வக்கடை திறக்கிறது.
முதல் போகம் ஒன்பது மூட்டை குறைந்ததை
எழுத அவன் படிவத்தில் இடமில்லை.
காப்பு அடைவுக்குப் போனதையும்.

வரம்புக்கு அப்பால் புவிராசாவின் வைக்கல் எரிகிறது.
சாம்பல், என் கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டையில்.
அவரில் கோபமில்லை.
யூரியாக் கடன் கழுத்தில் நிற்கிறவருக்கு
நெருப்பைவிட மலிவான கூலியாள் உண்டோ?

குழாய்க்குள்ளிருந்து வந்த மண்
கறுப்பாய், பிட்டுக்குக் குழைத்த மாப்போல,
ஒரு மண்புழுவின் பாதியோடு.
மற்றப் பாதி கீழே.
"நல்லா ஏறியிருக்கு" என்றான்.
காற்றில் போகவேண்டியது காலடியில் நிக்குதாம்.
விலை இருக்கோ அதுக்கு?
"இன்னும் இல்லை, அக்கா."

மோட்டார்சைக்கிள் சத்தம் தேய்ந்தபிறகு
குந்தியிருந்து துளையைக் கையால் மூடினேன்.
இந்த மண்ணில்
ஒரு குழியைத் திறந்தபடி விட்டுப்போக
எனக்கு இன்னும் ஏலாது.