ஒன்பது மணி

வின்னிபெக்கில் பனி உருகிவிட்டது.
புல்தரையெங்கும் சாம்பல் வலை,
பூஞ்சணம்.
"வெளியே போகாதீர்கள்" என்கிறாள்
நர்ஸ் ஒலேனா, தொலைபேசியில்.
மண் கூடாது. பழைய ரொட்டி கூடாது.
நீலம் பாய்ந்த சீஸ், ஈரத்துணி,
எதுவும்.

சரி.
இட்லிமாவின் விளிம்பில் கரும்புள்ளி ஒன்று.
பாத்திரத்தோடு குப்பைக்குப் போகிறது.

ஒன்பது அடிக்கிறது.
தகட்டைக் கிழித்தால்
ஸ்கங்க் நாற்றம்.

இதுவும் பூஞ்சணந்தான், ஒலேனா.
எங்கோ ஒரு பிடி மண்ணில் கிடந்து
அக்கம்பக்கத்தை அடக்கக் கசிந்தது.
இப்போது என் இரத்தத்தில் இறங்கி
காவல்காரர்களிடம் பேரம் பேசுகிறது:
இடுப்போரம் குடிவந்தவனை விடுங்கள்,
கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.
காலையில் ஒரு லஞ்சம்,
இரவில் ஒன்று.

ஆண், முப்பத்தொன்று
என்று மட்டும் சொன்னார்கள் உன்னைப் பற்றி.
பதினான்கு மாதமாய்
என் தண்ணீரை நீதான் வடிக்கிறாய்.
உன்னை என் உடம்புக்கு
இன்னும் அறிமுகப்படுத்தவில்லை.
தெரிந்தால் கொன்றுவிடும்.

கண்ணாடிக்கு வெளியே
வெயிலில் கலைகிறது சாம்பல் வலை.
உறவென்று சொல்லிக்கொள்ள முடியாத ஒருவரை
எட்ட நின்று பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்பம் வருகிறது.
அதே நாற்றம்.